சம்பளச் சீட்டின் இரு பக்கம்: முதலாளியின் கவலையும் தொழிலாளியின் கவலையும்

மும்பைத் தமிழர் என்று நாம் பொதுவாக ஒரு பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால், மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்க வேண்டியவர்களும், அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்திருப்பவர்களும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருப்பார்கள். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர்; மாட்டுங்காவில் மெஸ் நடத்துபவர் இன்னொருவர்; அவர்களுக்கு அருகிலேயே வங்கியில் ஓய்வு பெற்றவர், ஐரோலியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகும் அவர் மகள், பிவண்டி கிடங்கில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் நெல்லைச் சீமைத் தம்பி. ஆகவே இரு தரப்புக் கவலையையும் ஒரே இடத்தில் வைத்துப் பேச நம் மலரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பர்சனல் இலாகாவில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் சட்டம் மாறியிருப்பதைச் சொல்லிவிட வேண்டும். ஊதியம், தொழிலுறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்று நான்கு தொகுப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் 2019லும் 2020லும் நிறைவேற்றியது. பழைய மத்தியச் சட்டங்கள் 29 இவற்றுக்குள் அடக்கம். ஆண்டுக்கணக்கில் தூங்கிக்கொண்டிருந்த இந்த நான்கும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் என்பதால் ஒவ்வொரு நுணுக்கத்தையும் இங்கே எழுத முடியாது. குடும்பத்தின் கையில் வந்து சேரும் பணத்தைத் தொடும் விஷயங்களை மட்டும் பார்ப்போம்.

கைக்கு எவ்வளவு வரும்?

பையனுக்கு வேலை கிடைத்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "ஆறு லட்சம் பேக்கேஜ்" என்கிறான். மாதம் 50,000 என்று அம்மா கணக்குப் போடுகிறாள். முதல் மாதச் சீட்டைப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 15,000 என்று இருக்கிறது. மீதி வீட்டு வாடகைப்படி, பயணப்படி, சிறப்புப்படி என்று ஒரு பெரிய படிக்கட்டு. போதாக்குறைக்கு முதலாளி செலுத்த வேண்டிய பி.எஃப். பங்கும், பிற்காலத்தில் தர வேண்டிய கிராஜுவிட்டியும்கூட அந்த 50,000க்குள்ளேயே அடக்கம். பல கம்பெனிகளில் இதுதான் வழக்கம்.

ஏன் அடிப்படைச் சம்பளத்தை இப்படிக் குட்டையாக வெட்டுகிறார்கள்? பி.எஃப்., கிராஜுவிட்டி போன்றவை எல்லாம் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையின் மேல்தான் கணக்கிடப்பட்டு வந்தன. அது சிறுத்தால் முதலாளியின் சுமை சிறுக்கும். தொழிலாளிக்கும் கையில் வருவது கூடும். அதனால் அவரும் வாய் திறப்பதில்லை. இந்தத் தந்திரத்துக்கு உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் ஒரு கடிவாளம் போட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் தரப்படும் படி எதுவானாலும் பி.எஃப். கணக்கில் அது அடிப்படைச் சம்பளமே என்பது தீர்ப்பின் சாரம். இப்போது ஊதியத் தொகுப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. வாடகைப்படி போன்று விலக்கப்பட்ட இனங்கள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும்.

இதனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போடுவோம். கிராஜுவிட்டிக்கு வாய்ப்பாடு எளிது: கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். ஊதியம் 15,000 என்றால் பத்து வருடத்துக்கு 86,538 ரூபாய். அதே ஆளின் ஊதியம் மொத்தத் தொகையில் பாதியான 25,000 என்று எடுக்கப்பட்டால் 1,44,231 ரூபாய். வித்தியாசம் ஏறக்குறைய 58,000. ஒரு ஆளுக்கு இது. நாற்பது பேர் வேலை பார்க்கும் பட்டறைக்காரர் ஏன் தூக்கம் வராமல் புரள்கிறார் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அவர் ஆர்டர் எடுக்கும்போது போட்ட விலையில் இந்தச் செலவு இல்லை.

"புதுச் சட்டத்தால் கைக்கு வரும் சம்பளம் குறைந்துவிடும்" என்று ஒரு பேச்சு பரவியது. அது எல்லோருக்கும் பொருந்தாது. பி.எஃப். கட்டாயம் என்பது ஒரு ஊதிய வரம்பு வரைதான். 2014 செப்டம்பரில் அந்த வரம்பு 6,500லிருந்து 15,000 ஆக உயர்த்தப்பட்டது. அந்த 15,000 கணக்கின்படி பிடிக்கிற கம்பெனியில் தொழிலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். ஊதியம் 25,000 ஆனாலும் அதே 1,800தான். முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கிற இடங்களில்தான் பிடித்தம் கூடும். அதுவும் எங்கேயும் போய்விடுவதில்லை, தன் கணக்கில்தான் சேருகிறது.

முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். ஆனால் அந்த 1,800ல் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய், 550 மட்டும் பி.எஃப். கணக்கில் நிற்கும். பாஸ்புத்தகத்தைப் பார்த்துவிட்டு "கம்பெனி ஏமாத்துறான் சார்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் அநேகர். அந்த 1,250க்குத்தான் ஐம்பத்தெட்டு வயதில் பென்ஷன். அதற்கு மொத்தம் பத்து வருட சர்வீஸ் வேண்டும். ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை, பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் எல்லாம் கூடிக்கொள்ளும். நம் பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கம்பெனி மாறும்போது பணத்தை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வட்டியோடு சர்வீஸும் போய்விடுகிறது.

பத்தொன்பது பேர்

சின்ன முதலாளியின் உண்மையான பயம் ஒரு எண்ணில் இருக்கிறது. பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ.யும் கிராஜுவிட்டியும் வரும். பெண்கள் புகார் சொல்ல உள்புகார்க் குழு அமைக்க வேண்டும். இருபது பேர் ஆனால் பி.எஃப். வரும். ஆகவே பத்தொன்பதாவது ஆளோடு நிறுத்திக்கொள்வது, இருபதாவது ஆளைத் தம்பி பெயரில் தொடங்கிய இன்னொரு கடையின் கணக்கில் காட்டுவது என்பதெல்லாம் நம்மவர்களிடமும் உண்டு. சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அதே சமயம் அவர் சொல்கிற காரணத்தையும் கேட்க வேண்டும். "நான் கட்டத் தயார் அண்ணாச்சி. பையன்தான் வேண்டாங்கிறான். பிடிக்கிறத கையில குடுத்துடுங்க மொதலாளி, நான் எப்ப ஊருக்குப் போவேனோங்கிறான்." இது பொய் இல்லை. இன்று இருந்து நாளை ஊர் மாறுகிறவனுக்கு அரசாங்க ஆபீசில் கிடக்கும் பணம் தன் பணமாகத் தெரிவதில்லை.

அவனுக்கு யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. பி.எஃப்.போடு சேர்ந்து வரும் காப்பீட்டுக்குத் தொழிலாளி ஒரு காசும் கட்டுவதில்லை. முதலாளிதான் அரை சதவீதம் கட்டுகிறார். வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் விதவைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தொகை பெரிதில்லை, குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014ல் நிர்ணயித்தார்கள். ஆனாலும் இருபது வயதுப் பெண் கைக்குழந்தையோடு வள்ளியூருக்கு ரயிலேறும்போது அந்த ஆயிரத்தின் அருமை தெரியும். இ.எஸ்.ஐ.யும் அப்படியே. 15,000 சம்பளக்காரரிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி தருவது மூன்றேகால் சதவீதம், 488 ரூபாய். இதற்கு மனைவி, பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு. ஆஸ்பத்திரியில் வரிசை நீளம்தான், மறுக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரி பில்லின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யார் முதலாளி?

இன்றைய பணியிடத்தில் மிகப் பெரிய சிக்கல் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆலைக்குள் இரண்டு பேர் ஒரே இயந்திரத்தின் இரு பக்கம் நிற்கிறார்கள். ஒருவர் கம்பெனி ஆள், மற்றவர் கான்ட்ராக்ட் ஆள். வேலை ஒன்று, சம்பளம் வேறு, கேன்டீன் சில இடங்களில் அதுவும் வேறு. 1970ல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது பேருக்கு மேல் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்குப் பொருந்தியது. புதிய தொகுப்பில் அது ஐம்பது பேர். அதாவது சின்ன ஒப்பந்தக்காரர்கள் பலர் உரிமம் வாங்கும் வளையத்துக்கு வெளியே போய்விட்டார்கள்.

ஒன்று மட்டும் பழைய சட்டத்திலிருந்து அப்படியே தொடர்கிறது: ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் ஓடிவிட்டால், வேலை வாங்கிய முதன்மை முதலாளி தர வேண்டும், பிறகு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். இதை அறியாமல் எத்தனையோ பேர் ஓடிப்போன ஆளைத் தேடிக் காலம் கழிக்கிறார்கள்.

இதைப் படித்துத் தலையாட்டும் நாமும் முதலாளிகள்தான் என்பதை மறக்கக் கூடாது. நம் ஹவுசிங் சொசைட்டிகளின் பொதுக்குழுவில் காவலாளி ஏஜென்சியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? மூன்று கொட்டேஷன் வாங்கி, எது குறைவோ அது. ஒரு கேட்டில் இருபத்துநாலு மணி நேரமும் ஆள் வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவருக்கு வாரம் 48 மணி என்று வைத்தால் மூன்றரை ஆள் வேண்டும். குறைந்த கொட்டேஷன்காரர் இரண்டே ஆளை வைத்து நடத்துவார். பன்னிரண்டு மணி ஷிஃப்ட், வார விடுமுறை கிடையாது. ஒருவருக்கு வாரம் 84 மணி. 48க்கு மேற்பட்ட 36 மணிக்கு இரட்டைக் கூலி தர வேண்டும் என்பது சட்டம். அது கொட்டேஷனில் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ராத்திரி அவன் நாற்காலியில் தூங்கினால் மட்டும் வாட்ஸ்அப்பில் படம் போட்டுவிடுகிறோம்.

எத்தனை மணி நேரம்?

எட்டு மணி நேர வேலை என்பது புதிதாக வந்த சொகுசு அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே, 1919ல், வேலை நேரத்தைப் பற்றியதுதான். இந்தியா 1921லேயே அதை ஏற்றுக்கொண்டது. நூறு வருடம் கழித்து 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி பற்றிப் பேசியது 2025 ஜனவரியில் பெரிய சர்ச்சையாயிற்று. தமிழகத்தில் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பவே, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

முதலாளி பக்கத்து நியாயம் என்ன? ஏற்றுமதி ஆர்டர் ஒரே சமயத்தில் வந்து விழும். அந்த ஆறு வாரத்துக்கு மட்டும் கூடுதல் ஆள் கிடைக்காது. இது நிஜம். ஆனால் அதற்குத்தான் ஓவர்டைம் என்ற ஏற்பாடு இருக்கிறது. சிக்கல் எல்லாம் ஓவர்டைம் இல்லாத இடங்களில். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்கு "மேனேஜர்", "லீட்" என்று பட்டம் கொடுத்துவிட்டால் நேரக் கணக்கே கிடையாது. வீட்டிலிருந்து வேலை என்று 2020ல் பெருந்தொற்றுக் காலத்தில் வந்த வழக்கம் பாதி வசதி, பாதி விலங்கு. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப். மருமகள் ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காக்காரனோடு பேசுகிறாள் என்று குறை சொல்லும் மாமியார்கள், அந்தச் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் தவணை போகிறது என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

பெண்கள் பேச்சு வந்ததால் ஒன்று. 2017ல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது (முதல் இரண்டு குழந்தைகளுக்கு). நல்ல சட்டம். ஆனால் இ.எஸ்.ஐ.க்குள் வராத பெண்ணுக்கு அந்த ஆறு மாதச் சம்பளம் முழுவதும் முதலாளியின் பையிலிருந்தே போக வேண்டும். பெரிய கம்பெனி தாங்கும். பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸ் என்ன செய்கிறது? புதிதாகக் கல்யாணமான பெண்ணை நேர்முகத் தேர்விலேயே நாசூக்காகக் கழித்துவிடுகிறது. செலவை அரசும் பகிர்ந்துகொள்ளாத வரை இந்தக் கழிப்பு நிற்காது என்றே நினைக்கிறேன்.

போகிறவனும் போகச் சொல்கிறவனும்

பட்டறைக்காரர் ஒருவர் சொன்னார்: "மிஷின்ல உக்கார வச்சு ஆறு மாசம் கத்துக் குடுத்தேன். எதிர்த்த கடைக்காரன் ஆயிரம் ரூபா கூடத் தந்தான், போய்ட்டான்." பெரிய கம்பெனிகள் இதைத் தடுக்க மூன்று மாத நோட்டீஸ், பயிற்சிச் செலவுக்குப் பத்திரம் என்று எழுதி வாங்குகின்றன. பத்திரம் எல்லாம் செல்லாது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுத்துறை வங்கி ஒன்றின் வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நியாயமான தொகை, நியாயமான காரணம் இருந்தால் பத்திரம் நிற்கும். எனவே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அசல் சான்றிதழ்களை மட்டும் எவரிடமும் விட்டுவைக்கக் கூடாது.

மறுபக்கம், வேலையை விட்டு எடுப்பது. முந்நூறு பேருக்குக் குறைவான தொழிற்சாலை இனி அரசின் முன் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யலாம். பழைய வரம்பு நூறு. வேடிக்கை என்னவென்றால், 1976ல் இந்த விதி வந்தபோதும் முந்நூறுதான், எண்பதுகளில்தான் நூறாகக் குறைத்தார்கள். நோட்டீஸும் வருடத்துக்குப் பதினைந்து நாள் ஊதிய நஷ்டஈடும் மட்டும் எப்போதும் போல உண்டு.

புதிய தொகுப்புகளில் தொழிலாளிக்குப் பலன் தரும் இரண்டு அம்சங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவர் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் முடித்தாலே அந்த விகிதத்தில் கிராஜுவிட்டி உண்டு. வேலையை விட்டாலும் நீக்கப்பட்டாலும் பாக்கி ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தந்துவிட வேண்டும். இதுவரை "ஃபுல் அண்ட் ஃபைனல்" என்று ஒன்றரை மாதம், இரண்டு மாதம் அலைக்கழித்த வழக்கத்துக்கு இது நேர் எதிர்.

யார் பேசுவது?

சங்கம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் முதலாளிகளுக்கு 1982 ஞாபகம் வருகிறது. அந்த ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியே நின்றார்கள். கூலியும் போனஸும் கோரிக்கைகள்தான். ஆனால் அடியில் இருந்த நெருப்பு வேறு. 1946ஆம் வருட பம்பாய்ச் சட்டப்படி நிர்வாகம் ஒரே ஒரு பிரதிநிதிச் சங்கத்தோடுதான் பேசலாம். அந்தச் சங்கத்தின் மேல் தொழிலாளருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. வேலைநிறுத்தம் முறையாக வாபஸ் பெறப்படவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. கிரண்காவ் இன்று ஷாப்பிங் மால்.

நாற்பது வருடம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் சாம்சங் ஆலையில் அதே கேள்வி எழுந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்தின் மையம், சங்கத்தைப் பதிவு செய்து ஏற்றுக்கொள்வதுதான். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. இப்போதைய தொழிலுறவுத் தொகுப்பு, 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்கிறது. அப்படி ஒன்று இல்லையேல் இருபது சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி என்று குழு அமைக்க வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் நோட்டீஸ் எல்லாத் தொழில்களுக்கும் கட்டாயம். யாரோடு பேசுவது என்று தெரிவது முதலாளிக்கு நல்லது. நோட்டீஸ் கொடுத்து, சமரசம் தொடங்கினால் மறுபடி தடை என்ற சுழலில் வேலைநிறுத்தம் பெயரளவில்தான் மிஞ்சும் என்கின்றன சங்கங்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

நம் வாசகர்கள் ரசிக்கக்கூடிய ஒரு பழைய செய்தி. 1918 ஏப்ரல் 27ல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா, மும்பையில் பிறந்த பார்சிக்காரர். திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் உடனிருந்தார்கள். ஆலை நிர்வாகம் அவர் மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் வைத்தால் வழக்கு என்ற அந்த நிலைமைதான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்குக் காரணங்களில் ஒன்று. மும்பை சென்னைக்குத் தலைவரைத் தந்தது. சென்னை நாட்டுக்குச் சட்டத்தைத் தந்தது.

இனிஷியல் தொல்லை

கடைசியாக, வெளிமாநிலத் தமிழருக்கே உரிய ஒரு தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எஸ். முருகன் என்று பள்ளிச் சான்றிதழில் இருக்கும். மும்பையில் சேரும்போது குமாஸ்தா "சர்நேம் பதாவ்" என்பார். முருகன் சுப்பையா என்று பதிவாகும். ஆதாரில் முருகன் எஸ் என்றோ சுப்பையா முருகன் என்றோ இருக்கும். வங்கியில் இன்னொரு விதம். வேலையில் இருக்கும்வரை எதுவும் தெரியாது. இறந்தபின் மனைவி பணம் கேட்கப் போகும்போதுதான் மூன்று பேரும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டி வரும். அந்தப் பெண்ணின் பெயரிலும் இதே குழப்பம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2025 ஜனவரி முதல், ஆதாரோடு சரிபார்த்த யு.ஏ.என். எண் 2017 அக்டோபருக்குப் பின் வாங்கியதாக இருந்தால், பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் ஆகியவற்றை உறுப்பினரே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எண் என்றால் முதலாளியின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கம்பெனி மூடிவிட்டால் அலைச்சல் அதிகம். ஆகவே கம்பெனி இருக்கும்போதே செய்துவிடுவது உத்தமம். நாமினிப் பெயரையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள் பலர் அதை அப்படியே விட்டிருப்பார்கள், பி.எஃப். விதியில் கல்யாணம் ஆனவுடன் பழைய நாமினி செல்லாது, புதிதாக எழுதித் தர வேண்டும்.